வாகைப்பட்டி செக்ரட்டரி

சேக் இஸ்மாயில் ராவுத்தர் கொண்டுவந்தது நல்ல சேதிதான். அவர் சொன்ன விதத்தில்தான் விருமாண்டி வீடு கதிகலங்கிப் போனது.

ராவுத்தருக்கு மதுரை காஜிமார் தெருவில் வீடு, தோல் வியாபாரம். சரக்கு ஏற்றிக்கொண்டு அடிக்கடி பட்டணத்துக்கு, பெரியமேட்டுத் தோல் மண்டிக்குப் போய்வருவார். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் வேப்பேரி. வேப்பேரியில் மாட்டு வைத்தியக் காலேஜ். திருமங்கலத்துக்கு மேற்கே வாகைப்பட்டி விருமாண்டியின் மகன் நல்லகாமன் அந்தக் காலேஜில்தான் மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தான். அவன் ஆத்தா செல்லத்தாய் கொடுத்துவிடும் எள்ளுருண்டையும் வறுத்த மொச்சையும் ராவுத்தர் கையால்தான் அவனுக்குப் போய்ச் சேரும்.

அந்தப் பங்குனி மத்தியானம் ராவுத்தர் வண்டியை விட்டு இறங்கும்போதே சத்தம் போட்டார்.

“மாப்ள விருமாண்டி! ஒம் மகன் தலைவராயிட்டான்யா! காலேஜுக்கே தலைவரு!”

காய்ந்த பருத்திமாரைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்த விருமாண்டி கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தார். “என்ன மாமா சொல்றீக?”

“நான் கண்ணால பாத்தேன். பயலத் தோள்ல தூக்கி வச்சுக்கிட்டு, நாப்பது அம்பது பேரு கோஷம் போட்டுக்கிட்டு ரோட்டுல வாரானுக. ஜே, ஜேங்கிறானுக. எதுத்தாப்புல போலீஸ்காரன் நின்னு பாத்துக்கிட்டு இருக்கான். எனக்கு அம்புட்டுச் சந்தோசம்!”

போலீஸ் என்றதும் விருமாண்டி தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்தார். வாகைப்பட்டி வெள்ளைக்கார சர்க்காரின் ரேகைச் சட்டத்துக்குள் இருந்த ஊர். பேர் பதிவான ஆம்பளைகள் பொழுது சாய்ந்தால் போலீஸ் சாவடிக்குப் போய்க் கைரேகை வைத்து, அங்கேயே படுத்து, விடிந்த பிறகுதான் வீடு திரும்ப வேண்டும். திருடியவன் திருடாதவன் என்ற பேதமெல்லாம் இல்லை. விருமாண்டி பேரும் அதில் இருந்தது. மகனாவது அந்தச் சாவடிப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்றுதான் அவனைப் படிக்க அனுப்பியிருந்தார். அவருக்குத் தெரிந்த தலைவர்கள் எல்லாரும் கள்ளுக்கடை மறியலில் ஜெயிலுக்குப் போனவர்கள்.

“போச்சு,” என்றார். “ஜே போட்டா ஜெயிலுதான். அம்புட்டுத் தூரம் போயி, ஜெயிலத் தேடிப் புடிச்சிருக்கான்.”

செல்லத்தாய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். ராவுத்தருக்கு ஒன்றும் புரியவில்லை. “ஏம்மா, நான் என்ன எழவா சொன்னேன்? சந்தோச சேதியில்ல சொல்றேன்!”

மாட்டுக் கொட்டத்து ஓரம் கஞ்சிப்பானையைத் தேய்த்துக்கொண்டிருந்த மருமகள் அழகம்மாள், கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். கல்யாணம் முடிந்து ஒரு வருஷந்தான். அதில் புருஷனோடு இருந்தது இரண்டு லீவு.

“அத்தை, ஜெயிலுக்குக் கொண்டுபோறவன யாராச்சும் தோள்ல தூக்கிட்டுப் போவாகளா? வெலங்கு மாட்டி நடக்கல்ல விடுவாக. இது வேற என்னமோ. வரட்டும், கேப்போம்.”

சித்திரை பிறந்து, அழகர் ஆற்றில் இறங்கி மலைக்குத் திரும்பின பிறகு நல்லகாமன் வந்தான். தனியாக வரவில்லை. திருமங்கலம் ரயில் டேஷனில் இறங்கி, பெட்டியும் படுக்கையுமாய் ஏழெட்டு வாலிபர்கள் அவனோடு நடந்து வந்தார்கள். எல்லாரும் பேண்ட்டு. ஒருத்தன் தொப்பி வேறு. ஊர் நாய்கள் எல்லையிலிருந்தே கூட வந்தன.

விருமாண்டி வேலி ஓரம் மகனைத் தனியே இழுத்தார். “டேய், இம்புட்டுப் பேரையும் போலீஸ் தேடுதா?”

நல்லகாமன் சிரித்த சிரிப்பில் கொட்டத்து மாடுகள் திரும்பிப் பார்த்தன. “அய்யா, காலேஜுல படிக்கிற பயலுகளுக்கு ஒரு சங்கம் இருக்கு. அதுக்கு நான் செக்ரட்டரி. ஓட்டுப் போட்டு எடுத்தாக. ஜெயிச்ச சந்தோசத்துல தூக்கிக்கிட்டு ஆடுனானுக. பிரின்சிபாலே வந்து கைகுடுத்தாரு.”

“செக்ரட்டரின்னா என்ன வேல?”

“எல்லாருகிட்டயும் திட்டு வாங்குற வேல.”

அன்றைக்கு மத்தியானம் கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும். வந்தவர்களில் கவிச்சி தொடாத கும்பகோணத்துப் பட்டாபிக்கு மட்டும் தனியாகப் புதுச்சட்டியில் பருப்புக் கடைந்து, நெல்லுச்சோறு. நெல்லூர்ப் பக்கத்து ரெட்டி, களியை மென்று பார்த்துத் திண்டாடினான்.

“மெல்லாதீக தம்பி, முழுங்குங்க,” என்றாள் செல்லத்தாய். “களிய மென்னவன் கரைசேந்ததில்ல.”

சாப்பிட்டுக்கொண்டே நல்லகாமன் ஆத்தாளுக்குக் கதை சொன்னான். “மொத வருசம் என்னைய மெஸ் செக்ரட்டரி ஆக்குனாக ஆத்தா. எவனும் ஏத்துக்கல, அதனால என் தலையில கட்டுனாக. தெனமும் சாம்பாரத் திட்டுறதுக்குன்னே ஒருத்தன் இருந்தான். இந்தா, பருப்பு பெசையிறானே, இவன்தான். கூப்பிட்டேன். ‘இனிமே சாம்பார ருசி பாக்குற வேல ஒன்னுது. நீ சரின்னு சொன்னாத்தான் பந்திக்கு வரும்’னேன். அன்னையில இருந்து சாம்பாரும் நல்லாருக்கு, இவனும் வாயத் தொறக்கல.”

“இப்பவும் உப்பு கம்மிதான்,” என்றான் பட்டாபி. எல்லாரும் சிரித்தார்கள். அழகம்மாள் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தாள்.

அவர்கள் வந்த காரியம் சிரிப்புக் காரியம் இல்லை. மதுரைச் சித்திரை மாட்டுத்தாவணிச் சந்தையில் வாங்கிவந்த மாடுகளோடு வெக்கை நோயும் வந்திருந்தது. தெற்கே இரண்டு ஊர் தள்ளி, வாய் புண்ணாகி, கண்ணில் நீர் வடிந்து, கழிந்து கழிந்து மாடுகள் சாய்ந்துகொண்டிருந்தன. திருமங்கலம் மாட்டாஸ்பத்திரியில் தாலுகா முழுவதற்கும் ஒரே டாக்டர், ஒரே கம்பவுண்டர். பேப்பரில் இந்தச் சேதியைப் பார்த்ததும் நல்லகாமன் பிரின்சிபாலிடம் போய் நின்றான். லீவில் சும்மா வீட்டில் கிடக்கிற பையன்களைச் சங்கத்தின் பேரில் கூட்டிப்போக உத்தரவு கேட்டான். ஐஸில் பொதிந்த மருந்து ரயிலில் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தது. ஊசியைப் போட்டால் மாடு கொஞ்ச நாள் காய்ச்சலில் கிடந்து எழும். பிறகு வெக்கை அண்டாது.

மறுநாள் காலை புளியமரத்தடியில் ஊர்க்கூட்டம். நல்லகாமன் எழுந்து நின்று விஷயத்தைச் சொன்னான். பட்டணத்து மேடையில் பேசிப் பழகிய பேச்சு. காய்ச்சல் வரும் என்பதையும், நூற்றில் ஒன்றிரண்டு தவறவும் கூடும் என்பதையும் மறைக்கவில்லை. கடைசியில் மொக்கையன் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். ஊரில் அவர் சொல்லுக்கு மறுசொல் இல்லை.

“மனுசனுக்கு ரேகை வச்சது பத்தாதுன்னு, இப்ப மாட்டுக்கும் வைக்க வந்துட்டீகளா? இன்னைக்கு ஊசின்னு சொல்லி எண்ணுவீக. நாளைக்கு எவன் மாடு காணாமப் போனாலும், எண்ணுன கணக்க வச்சு எங்களப் புடிப்பான். போங்கடா.”

“பெரியப்பா, நான் நம்ம ஊர்ப் பய. நான் சொல்றேன்...”

“ஒங்க அய்யன் மாட்டுக்குப் போடு மொதல்ல. அப்பறம் பேசு.”

எல்லாக் கண்ணும் விருமாண்டி பக்கம் திரும்பியது. அவரிடம் ஒரு ஜோடி உழவு மாடும், மஞ்சுவிரட்டில் யாருக்கும் பிடிபடாத மயிலைக் காளை ஒன்றும் இருந்தன. அவர் எழுந்து, யாரையும் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார்.

நல்லகாமன் பின்னாலேயே ஓடினான். “அய்யா, நீங்க இப்பிடிப் போனா எவன் வருவான்?”

“ஒரு மாடு விழுந்துச்சுன்னு வையி, இந்த ஊர்ல நான் மொகத்தக் காட்ட முடியுமா? நீ ரயிலேறிப் போயிருவ. நான் இவுகளோடதான்டா தெனமும் சாவடியில படுக்கணும்.”

நல்லகாமன் வாசல் வேப்பமரத்தடிக்கு நடந்தான். அங்கே சிரிஞ்சைக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்த கூட்டாளிகள் அவன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள். பட்டாபி பெட்டியைக் கட்டத் தொடங்கினான். “காமா, வேண்டாங்கறவாளுக்கு எதுக்குடா? ஐஸ் கரைஞ்சிண்டிருக்கு. ஆஸ்பத்திரியிலே திருப்பிக் கொடுத்துட்டுப் போயிடலாம்.”

“போலாம். ஆனா சாயந்தரம் வரைக்கும் இரு. ஐஸ் பெட்டிக்கு நீதான் பொறுப்பு.”

“என் தலையிலே எதையாவது கட்டிடு நீ,” என்று முணுமுணுத்துக்கொண்டே பட்டாபி பெட்டிமேல் ஈரச்சாக்கைப் போர்த்தினான்.

அப்போதுதான் கொட்டத்திலிருந்து அழகம்மாள் வந்தாள். கையில் கயிறு, கயிற்றின் முனையில் செவலைப் பசு. கன்று போட்டு மூன்று மாதம் ஆன, ஈரத்தில் மினுங்குகிற செம்மண் நிறத்துப் பசு. அவளுக்கு அவள் பிறந்த வீட்டார் கொடுத்துவிட்டது.

“ஏத்தா, எங்க ஓட்டிட்டுப் போற?” என்றார் விருமாண்டி.

“ஊசி போடத்தான் மாமா.”

“நான் ஒண்ணும் சொல்லலையே இன்னும்.”

“நீங்க சொல்ல வேண்டியது ஒங்க மாட்டுக்கு. இது எங்க ஆத்தா வீட்டுச் சீதனம்.” குரலில் மரியாதை குறையவில்லை. கயிற்றைப் பிடித்த கையும் தளரவில்லை.

விருமாண்டி வழியை விட்டு ஒதுங்கினார். சீதன மாட்டில் மாமனாருக்குப் பேச்சில்லை. அது ஊருக்கே தெரிந்த நியாயம். செல்லத்தாய் உரலடியில் நின்றபடி, “அவ சொல்றதும் சரிதான்,” என்று உரலுக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

வேப்பமரத்தடியில் செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழகம்மாள் நின்றாள். ரெட்டி ஊசி போட்டான். செவலை ஒரு தடவை தோலைச் சிலிர்த்துவிட்டு வாலால் அவன் முகத்தில் அடித்தது. ஊசி போட்ட அடையாளத்துக்குக் கொம்பில் காவி பூசினார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் பாதி ஊர் நின்று பார்த்தது. ஒருத்தரும் மாட்டை அவிழ்க்கவில்லை.

அடுத்த நாள் ஒன்றும் இல்லை. அதற்கடுத்த நாள் காலை செவலை தண்ணியில் வாய் வைக்கவில்லை. மூக்கு காய்ந்து, காது சூடேறி, தலையைத் தொங்கப்போட்டு நின்றது. பால் அரைப்படிக்கு இறங்கியது. கன்றுக்குட்டி முட்டி முட்டிப் பார்த்துவிட்டுக் கத்தியது. சேதி அரை நாழிகையில் ஊரைச் சுற்றிவந்தது. “பாத்தீகளா?” என்றார் மொக்கையன், பார்க்கிறவர்களிடமெல்லாம்.

விருமாண்டி கஞ்சி குடிக்காமல் வயலுக்குப் போய், செய்ய வேலை எதுவும் இல்லாத கோடைக் கரிசலில் வெறுமனே நடந்துவிட்டு வந்தார். செல்லத்தாய் மாரியம்மனுக்கு மஞ்சத்துணியில் காசு முடிந்தாள். பட்டாபி தெர்மாமீட்டரும் கையுமாகக் கொட்டத்திலேயே இருந்தான். ஊருக்குப் போகிற பேச்சை அவன் எடுக்கவே இல்லை. காய்ச்சல் எவ்வளவு என்று பார்க்கும்போதெல்லாம் செவலை அவனை உதைக்கும். பார்த்து முடித்ததும் அதன் முதுகைத் தடவிக்கொடுப்பான்.

நிழல் கிழக்கே நீண்ட நேரத்தில் அழகம்மாள் புருஷன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“மச்சான், நெசத்தச் சொல்லு. பொழைக்குமா?”

“பொழைக்கும். அநேகமா எல்லாமே பொழச்சுரும். ஒண்ணு ரெண்டு தவறுறதும் உண்டு. அது செவலையா இருக்காதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது.”

“இத முன்னமே சொல்லியிருக்கலாம்ல?”

“கூட்டத்துல சொன்னேனே. நீ வரல.”

“பொம்பளைகளக் கூட்டத்துக்கு எவன் கூப்பிட்டான்?” அழகம்மாள் திரும்பி அவனை நேராகப் பார்த்தாள். “தண்ணி காட்டுறது நாங்க. பால் பீச்சுறது நாங்க. சாணி அள்ளுறது நாங்க. வவுத்தாலயா போச்சு, வாய் நொரைக்குதான்னு பாக்குறதும் நாங்க. நீங்க என்னன்னா ஆம்பளைகளக் கூட்டி வச்சு, மேட ஏறுன மாதிரிப் பேசுனீக. மொக்கையன் பெரியப்பாவுக்கு அவுக வீட்டு மாடு எந்தப் பக்கம் படுக்கும்னு தெரியுமா?”

நல்லகாமன் தலையில் அடித்துக்கொண்டான். “இம்புட்டுப் படிச்சும் எனக்குத் தோணலையே!”

“படிப்புக்கும் இதுக்கும் என்ன? கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.”

அன்றைக்கும் அதற்கு மறுநாளும் அவர்கள் கேழ்வரகுக் கஞ்சியைக் கரைத்து, தலையைத் தூக்கிப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகச் செவலைக்குப் புகட்டினார்கள். மூன்றாம் நாள் வெயில் ஏறும் நேரம். பட்டாபி தெர்மாமீட்டரை உதறி, வெளிச்சத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கி, மறுபடி பார்த்தான். பிறகு வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு (பேண்ட்டை அவன் முதல்நாளே துறந்திருந்தான்) வாசலுக்கு ஓடி வந்தான்.

“எறங்கிடுத்து! காமா, எறங்கிடுத்துடா!”

எல்லாரும் கொட்டத்துக்கு ஓடினார்கள். செவலை படுத்திருந்தது. மூக்கில் ஈரம் முத்து முத்தாய்ப் பூத்திருந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் தொண்டையில் ஏதோ உருண்டு மேலே வந்தது. தாடை ஒருமுறை அசைந்தது. மறுமுறை அசைந்தது. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, உலகத்தில் அவசரம் என்று ஒன்றே இல்லாததுபோல அசைபோடத் தொடங்கியது.

விருமாண்டி கொட்டத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். “அசை போடுது,” என்றார். “ஏத்தா அழகு, அசை போடுதுடி!” செல்லத்தாய் ஓடிப்போய் கை நிறையப் பருத்திவிதையை அள்ளிவந்தாள். அழகம்மாள் சிரித்துக்கொண்டே அழுதாள். ரெட்டி தெலுங்கில் என்னமோ சொல்லிப் பட்டாபியைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான்.

அன்று தண்ணி எடுக்கக் கிணற்றடிக்குப் போன அழகம்மாள் வெறுங்குடத்தோடு திரும்பி வந்தாள். பின்னால் பொம்பளைகள் பட்டாளமே வந்தது. அன்னக்கொடி, சுந்தரம்மாள், மொக்கையன் பெண்சாதி உட்பட எல்லாரும் செவலையைச் சுற்றி நின்று, மூக்கைத் தொட்டு, மடியைத் தடவி, சாணியைக் குச்சியால் கிளறிப் பார்த்தார்கள். நல்லகாமன் இந்தத் தடவை மேடைப்பேச்சுப் பேசவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னான். பால் குறையுமா? குறையும், திரும்ப வரும். சினை மாட்டுக்குப் போடலாமா? நிறைசினைக்கு வேண்டாம். தப்பித்தவறி ஒண்ணு செத்துப்போனா? சாகலாம், ஆனால் வெக்கை வந்தால் கொட்டமே காலி.

“எங்க வீட்டு மனுசன் சம்மதிக்கலையே,” என்றாள் சுந்தரம்மாள்.

“ஒன் சீதன மாடு இருக்குல்ல?” என்றாள் அழகம்மாள்.

மறுநாள் பொழுது விடிகிறபோது வேப்பமரத்தடியில் சீதன மாடுகள் வரிசையாய் நின்றன. அந்த ஊரில் எத்தனை மாடு சீதனமாய் வந்தது என்பது ஆம்பளைகளுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. சீதனமே வாங்காத வீட்டிலிருந்தும் இரண்டு வந்தன. மத்தியானத்துக்குள் மிச்ச மாடுகளையும் ஆம்பளைகள் ஓட்டி வந்தார்கள். விருமாண்டி மயிலைக் காளையைத் தானே மூக்கணாங்கயிறு பிடித்துக் கொண்டுவந்தார். அது ரெட்டியை மரத்தில் ஏறவைத்தது தனிக்கதை.

ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து நிரப்பிய ஐஸும் கரைந்துகொண்டே வந்தது. ராவுத்தர் காதுக்குச் சேதி போக, மதுரையிலிருந்து ஐஸ் பாளங்களை மரத்தூளில் பொதிந்து வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்.

“தோல் வியாபாரிக்கு இது என்ன வேல மாமா?” என்று சீண்டினார் விருமாண்டி.

“வெக்கையில செத்த மாட்டுத் தோல வாங்குனா, ஊரூருக்கு நோயக் கொண்டுபோன பாவம் எனக்கில்ல மாப்ள வரும்? அல்லா கேப்பான். மாடு பொழச்சுக் கெடந்து, வயசாகிச் சாகட்டும். நான் காத்திருக்கேன்.”

நல்லகாமன் ஆளுக்கொரு வேலை கொடுத்தான். மாடு பிடிக்க ஒரு கூட்டம், காவி பூச ஒரு கூட்டம். வெளியூர் மாடு உள்ளே வராமல் எல்லையில் தடுக்கிற வேலையை மொக்கையனிடம் போய்க் கேட்டான். “பெரியப்பா, நீங்க நின்னாத்தான் எவனும் தாண்ட மாட்டான்.” மொக்கையன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் உருமாலைத் தலையில் கட்டிக்கொண்டு போய் நின்றார். வரிசையைப் பார்க்கிற வேலை விருமாண்டிக்கு.

அந்த வரிசை நீண்டுகிடந்த நேரத்தில் சாவடிப் போலீஸ்காரர் தன் எருமையை ஓட்டிக்கொண்டு வந்தார். வழக்கம்போல நேரே முன்னால் போனார். விருமாண்டி கம்பைக் குறுக்கே நீட்டினார்.

“எசமான், வரிசை அங்கன இருக்கு.”

போலீஸ்காரர் அவரைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். சிரிஞ்சோடு நிற்கிற பேண்ட்டுக்காரப் பையன்களைப் பார்த்தார். எருமை கத்தியது. அதைத் திருப்பிக்கொண்டு கடைசியில் போய், அன்னக்கொடியின் கிடாரிக்குப் பின்னால் நின்றார். வெயிலில் அவர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டபோது செல்லத்தாய்க்கே மனசு கேட்கவில்லை. ஒரு செம்பு மோர் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

பக்கத்து ஊர்களில் வெக்கை சுற்றிவந்தது. வாகைப்பட்டியில் ஊசிக்காய்ச்சலில் கிழட்டு மாடு ஒன்று போனது. அதற்குடையவன் வருத்தப்பட்டான், சண்டைக்கு வரவில்லை. மற்றதெல்லாம் எழுந்து அசைபோட்டன. ஒரு நாள் சாயங்காலம் கிழக்கே கருத்து, இடி இடித்து, கோடை மழை இறங்கியது. அன்றைக்குக் கிடாய் வெட்டினார்கள். பட்டாபிக்குச் செல்லத்தாய் பருப்புருண்டைக் குழம்பு வைத்தாள். ரெட்டி களியை மெல்லாமல் விழுங்கக் கற்றிருந்தான்.

மழை வெறித்த மறுநாள் பக்கத்து ஊர்ப் பொட்டல்பட்டிக்காரர்கள் நாலு பேர் கூண்டுவண்டி பூட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். நல்லகாமன் சட்டையை மாட்டிக்கொண்டு தயாரானான்.

“தம்பி வாங்க, ஒங்க ஆளுகளும் வரட்டும்,” என்றார் அவர்களில் பெரியவர். பிறகு தயங்கித் தலையைச் சொறிந்தார். “ஆனா நாங்க கூப்பிட வந்தது அந்தப் பிள்ளைய. எங்க ஊர்ப் பொம்பளைக, ‘செவலைக்காரி வந்து சொன்னாத்தான் மாட்ட அவுப்போம்’னு ஒத்தக்கால்ல நிக்கிறாளுக.”

அழகம்மாள் மாமனாரைப் பார்த்தாள். விருமாண்டி துண்டால் வண்டிப் பலகையில் இருந்த மழைத்தண்ணியைத் துடைத்துவிட்டார். “ஏறுத்தா,” என்றார்.

அவள் ஏறினாள். ஐஸ் பெட்டி ஏறியது, அதை விட்டுப் பிரியாத பட்டாபி ஏறினான், ரெட்டி ஏறினான், மற்றவர்களும் இடித்துப் பிடித்து ஏறினார்கள். அதற்கு மேல் ஒரு கோழிக்குஞ்சுக்குக்கூட இடமில்லை. வண்டி நகர்ந்தது. நல்லகாமன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சேற்றில் கால் வழுக்க வழுக்கப் பின்னால் நடந்தான்.

எல்லையில் உருமாலோடு நின்ற மொக்கையன் அவனை மேலும் கீழும் பார்த்தார். “ஏன்டா, நீதான செக்ரட்டரி? நீ என்ன நடந்து போற?”

“எடமில்ல பெரியப்பா!” என்று சத்தமாய்ச் சொல்லிவிட்டு, வண்டியைப் பிடிக்க ஓடினான் நல்லகாமன். உள்ளிருந்து அழகம்மாள் சிரிக்கிற சத்தம் கேட்டது.